குடைக்காரிக்கும் கதவுக்கும் நடுவில்

1

இப்படிக் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்மையின் கண்ணிமையை ஊசிமுனையால் நகர்த்திக்கொண்டிருக்கிறாள். நாம் உரக்கச் சிரித்தால் அவள் கை நழுவும். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கூலியாக, நீங்கள் வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாத ஒரு கதை தருகிறேன்.

எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. ஒரு காலையில் பால் எடுக்கத் திறந்தேன். பால் பாத்திரத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் தூக்கினால் உள்ளே கைகள். என் கட்டைவிரல் நகம் அளவுக் கைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் தாள் விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தது. ஒன்று குடையைப் பிடிக்கிற கை. ஒன்று விரல் மடக்கிக் கதவைத் தட்டுகிற கை.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் யாரும் அலறுவதில்லை. மூடி வைத்துவிட்டுப் பாலை எடுத்தேன். ஆனால் பால் பொங்கி வரும்வரை ஒரே யோசனை. ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்ட இரண்டு பேரில் யார், யாருக்காக, இதை இங்கே கொண்டுவந்து வைத்தது?

அன்று பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “தெருக்கோடியில் இருந்த பழைய கார் ஷெட்டில் இரண்டு பெண்கள் பொம்மைப் படம் எடுத்துவந்தார்கள். எதிர்வீட்டில் குடியிருந்த நான் ஜன்னல் வழியாக அவர்களை—”

பொய். எதிர்வீட்டில் நான் குடியிருந்ததே இல்லை. அங்கே இருக்கிறவர் நாள் முழுக்க ரேடியோ பழுதுபார்க்கிறார். அவருக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: “அசையாப் பொருளை அசைய வைக்கும் ஸ்டாப் மோஷன் என்னும் அரிய கலையின் மேன்மையை எடுத்துரைக்குங்கால்—”

எடுத்துரைக்குங்காலாம்! இதை யாராவது மைக் முன்னால் நின்று படித்தால் முன்வரிசையில் இருப்பவர்களே எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

மூன்றாவதாக உண்மை. அந்த ஷெட் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த இரண்டு பேரும் என் மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். நான் மாமியார்.

இதை ஏன் மறைக்கப் பார்த்தேன் தெரியுமா? மாமியார் மருமகளைப் பற்றி எழுதுகிறாள் என்றால் படிக்கிறவர் முதல் வரியிலேயே காதைத் தீட்டிக்கொள்வார், இதோ குறை வரப்போகிறது என்று. வராது. நான் பெருமையடிக்க உட்கார்ந்திருக்கிறேன். ஓரகத்திகள் என்றாலே அடுப்பங்கரைச் சண்டை என்று எழுதிவைத்த கதைகள் ஆயிரம் இருக்கட்டும். என் வீட்டு ஓரகத்திகள் போட்ட சண்டை இருக்கிறதே, அதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம்.*

* காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அது படமாகியிருக்கிறது. எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன்.

3

பெரியவள் ஒரு பல் டாக்டரிடம் பல் செட் செய்கிற வேலையில் இருந்தவள். மெழுகு, மாவு, சின்னச் சின்னக் கொக்கிகள், கண்ணுக்குத் தெரியாத ரம்பம். எதிரில் இருக்கிறவர் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைப் பார்ப்பாள். பெண் பார்க்கப் போன அன்றே என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இன்றைக்கும் அவள் பொம்மைக்கு மூக்குச் செதுக்குவது பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற கொக்கியால்தான்.

சின்னவள் தையற்காரி. உள்ளங்கை அளவுக் கோட்டுக்குக் காலர் வைத்து, ஓரத்தில் முடிபோல ஒரு கம்பியை உள்ளே நுழைத்து, காற்றடித்தால் அது எந்தப் பக்கம் மடங்கும் என்று கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறவள்.

தொடங்கியது விளையாட்டாகத்தான். மழை விடாமல் பெய்த ஒரு விடுமுறை நாளில் சின்னவள் ஒரு கம்பளிக் கையுறையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் என்று போனில் எடுத்து ஓடவிட்டாள். கையுறை விரல்களை ஊன்றி மேசைமேல் ஊர்ந்தது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். பெரியவள் மட்டும் தட்டவில்லை.

“ஊருது. ஆனா உயிர் இல்ல.”

“என்னக்கா குறை?”

“நடுவுல ஒரு தடவ நிக்கணும்.”

“எதுக்கு நிக்கணும்?”

“யோசிக்க.”

சின்னவள் மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை கையுறை மேசை விளிம்புக்கு வந்து நின்றது. சுண்டுவிரலை மட்டும் கீழே நீட்டிப் பார்த்து, சடக்கென்று இழுத்துக்கொண்டது. நான் கையை நீட்டிவிட்டேன், விழுந்துவிடுமோ என்று. அது கையுறை! என் கையுறை! அதற்கப்புறம் அதைப் போட்டுக்கொள்ளவே எனக்கு மனசு வரவில்லை.

(இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. கம்ப்யூட்டரில் செய்கிற படங்களைவிட இது ஏன் உசத்தி என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு எழுதியது. அடித்துவிட்டேன். அவரவர் வேலை அவரவருக்கு. ஆனால் அதிலிருந்து சில வரிகளை எறிய மனசு வரவில்லை, அதனால் கீழே ஒட்டுகிறேன்.)

இவர்கள் படத்தில் மழை பெய்தால், ஒரு கண்ணாடித் தட்டில் கிளிசரின் சொட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோட்டின் ரோமம் காற்றே இல்லாமல் சிலிர்த்தால், அங்கே ஒரு விரல் பட்டுப் போயிருக்கிறது. கன்னத்தில் தெரிகிற கோடு சுருக்கம் இல்லை, பெரியவளின் கைரேகை. வெளிச்சம் நிஜமான வெளிச்சம். அது விழுந்த பொருள் நிஜமாகவே அங்கே இருந்தது, அதைக் கையில் எடுக்கலாம், அது கீழே விழுந்தால் உடையும். அதனால்தான் அது நடக்கும்போது நமக்குப் பதறுகிறது.

அப்புறம் இது. ஒரு நொடிப் படத்துக்கு இருபத்து நான்கு ஃபிரேம், அதாவது இருபத்து நான்கு அசையாப் படங்கள். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கை உள்ளே வருகிறது, தும்மல் அடக்கப்படுகிறது, டீ ஆறுகிறது, ஒருத்தி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். திரையில் அது எதுவும் கிடையாது. ஆனால் அது எதுவும் இல்லாவிட்டால் திரையில் எதுவுமே கிடையாது.

என்னுடைய இந்தக் கதையில் மட்டும் கையை மறைக்கப்போவதில்லை. அடித்தது, திருத்தியது, பாதியில் விட்டது எல்லாம் அப்படியே கிடக்கட்டும். கைரேகை தெரிந்தால்தான் என்ன?

4

குடைக்காரியின் கதை நான் சொன்னது. வீட்டில் மின்சாரம் போனால் சொல்வேன். அதனால் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஒரு பெண் கோபித்துக்கொண்டு மழையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். கிளம்புகிற வேகத்தில் அந்த வீட்டுக் குடையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். வருஷங்கள் ஓடுகின்றன. குடையைத் திருப்பிக் கொடுக்க வருகிறாள். கேட்டைத் திறக்கிறாள், படியேறுகிறாள், கதவுக்கு முன்னால் நிற்கிறாள்.

அங்கேயே நான் நிறுத்திவிடுவேன். “அப்புறம்?” என்று கேட்பார்கள். “அப்புறம் நீ சொல்லு” என்பேன். மிச்சத்தை யோசிக்கச் சோம்பல், வேறொன்றும் இல்லை. கேட்டவர்கள் அதை ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்தச் சோம்பலுக்கு வட்டி கட்ட வேண்டிய நாள் வந்தது. படம் கடைசிக் காட்சிக்கு வந்து நின்றது. கேட்டிலிருந்து கதவுவரை, நடுவில் எங்கும் வெட்டாமல், ஒரே நடை. என் பெரிய மகன் தச்சன். அவன்தான் கதவு செய்தான். ஒன்றரைச் சாண் கதவில் கீல், தாழ்ப்பாள், குமிழ் எல்லாம் வேலை செய்யும். அன்று மதியச் சாப்பாட்டில் பேச்சு எழுந்தது.

“தட்டுவா,” என்றாள் பெரியவள். “பின்ன எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?”

“குடைய கதவுல சாச்சு வெச்சுட்டுத் திரும்பிடுவா,” என்றாள் சின்னவள். “குடுக்க வந்தா, குடுத்தாச்சு. உள்ள போய் உக்காந்து பழசெல்லாம் கிளறணுமா?”

“சொல்லாம வெச்சுட்டுப் போனா அது குடுக்கறது இல்ல. போட்டுட்டுப் போறது.”

“தட்டி, யாரும் திறக்கலன்னா?”

“திறப்பாங்க.”

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“கதவு செஞ்சது என் வீட்டுக்காரர்.”

“கீலுக்கு எண்ணெய்கூடப் போட்டிருக்கேன்,” என்றான் பெரிய மகன், சாப்பாட்டில் கண்ணாக. “போட்டு என்ன, ஒருத்தரும் திறந்து பாக்கல.”

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. பெரிய கம்பெனி. முழு நீளப் படம். பொம்மை அசைக்க ஆள் எடுக்கறாங்க. அங்கயே போய் இருக்கணும்.”

அது கடல் தாண்டிய ஊர். என் சின்ன மகன் லாரி ஓட்டுகிறவன், எந்த ஊர்ச் சாலையும் அவனுக்கு ஒன்றுதான், போகலாம் என்று சொல்லிவிட்டானாம். இது எங்களுக்கெல்லாம் செய்தி. பெரியவளுக்கும் செய்தி.

பெரியவள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

“அதான பாத்தேன். போறவளுக்குத்தான் சாச்சு வெச்சுட்டுப் போகத் தோணும்.”

“இங்கயே இருக்கறவங்களுக்குத் தட்டறது சுலபம்தான்.”

அவ்வளவுதான் சண்டை. பாத்திரம் பறக்கவில்லை, முடியைப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இதில் யாருக்கு என்ன பறிபோகும் என்று உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தேட வேண்டாம். சின்னவள் போனால் ஷெட்டில் ஒரு ஜோடிக் கை மிஞ்சும். பெரியவளால் பொம்மைக்கு முகம் கொடுக்க முடியும், நடை கொடுக்கத் தனியாக முடியாது. அது அவளுக்கே தெரியும். போகாவிட்டால் சின்னவள் அந்தக் கையுறை நாளிலிருந்து கனவு கண்ட ஒரு பெரிய மேடையை விட்டுவிடுவாள். அந்த மாதிரி அழைப்பு மறுபடி வராது. அந்தக் கம்பெனிக்கார அம்மா ஒரு நாள் குறித்திருந்தாள். அன்றைக்கு நண்பகலில் போன் செய்வேன், அப்போது உன் வாயால் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்று.

5

பேசாவிட்டாலும் படம் நிற்கக் கூடாது. யாரும் சொல்லாமலே ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. காலையில் பெரியவள், மதியத்துக்கு மேல் சின்னவள். ஒரே பொம்மை, ஒரே நடை.

ஷெட்டின் சட்டங்களை இங்கே சொல்லியாக வேண்டும். ஜன்னலில் கறுப்புத் தாள். பொம்மையை நகர்த்தும்போது கதவுக்கு மேல் சிவப்பு பல்ப் எரியும். எரிந்தால் கடவுளே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும், கதவு அதிர்ந்தால் மேசை அதிரும். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. உள்ளே போகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும், மேசைமேல் ஒரு போன் நடுங்கினால் குடைக்காரிக்குப் பூகம்பம். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் கடைசியில் வருகிறது. எடுத்த ஃபிரேமை அழிப்பதில்லை. மற்ற இடங்களில் அழிப்பார்களாம். இங்கே கிடையாது. தப்பாக ஒரு அசைவு வந்துவிட்டால் அதைத் தப்பாக விடாதே, அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து அடுத்த அசைவில் கொடு. இதை இருவரும் சேர்ந்துதான் வைத்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நாளில்.

இப்போது என்ன ஆயிற்று பாருங்கள். காலையில் பெரியவள் குடைக்காரியைக் கதவை நோக்கி நடத்துவாள். மதியம் சின்னவள் வருவாள். பின்னால் கொண்டுபோனால் அழித்த மாதிரி ஆகும்; எனவே நிற்க வைப்பாள். தலையைத் திருப்பிக் கேட்டைப் பார்க்க வைப்பாள். ஒரு பாதத்தைத் திருப்பிவைத்துவிட்டுப் போவாள். மறுநாள் பெரியவள் அந்தத் திரும்பின பாதத்தைப் பார்த்து “ம்க்கும்” என்பாள். அதை நேராக்க ஒரு சாக்கு வேண்டுமே? குடைக்காரி கோட்டு நுனியில் ஒட்டின சேற்றைக் குனிந்து தட்டிவிடுவாள், நிமிரும்போது கதவைப் பார்த்து நிமிர்வாள்.

இரண்டு பேரும் வாயைத் திறக்காமல், ஒரு சாண் உயரப் பொம்மையை நடுவில் வைத்து, முழு வாக்குவாதமும் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

6

(இந்தப் பகுதிக்கு முதலில் “அன்பு” என்று தலைப்பு வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். தலைப்பிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் எதற்குக் கதை?)

ஷெட் மூலையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. அதைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு, தாண்டக் கூடாது. அங்கிருந்து நான் பார்த்தவை இரண்டு.

பொம்மை விழாமல் நிற்க, பாதத்துக்கு அடியில் ஒரு திருகு. மேசைப் பலகையில் ஓட்டை போட்டு, கீழேயிருந்து முடுக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் மேசைக்குக் கீழே புகுந்து ஒன்றைத் தளர்த்தி, இன்னொன்றை முடுக்க வேண்டும். வழக்கமாக ஒருத்தி மேலே பொம்மையைப் பிடித்துக்கொள்வாள், ஒருத்தி கீழே படுத்திருப்பாள். இப்போது தனித்தனி என்பதால் மேலேயும் அவளே, கீழேயும் அவளே. பெரியவளுக்கு முட்டிவலி. ஒரு தடவை குனிந்து எழ, வீட்டில் உள்ள தெய்வங்களை எல்லாம் கூப்பிடுவாள்.

ஒரு நாள் காலை அவள் முனகிக்கொண்டே கீழே புகுந்தாள். புகுந்தவளிடமிருந்து சத்தமே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். அடுத்த அடிகளுக்கு வேண்டிய திருகுகள் எல்லாம் ஏற்கெனவே ஓட்டைகளில் பாதி ஏற்றப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நீளக் கம்பிப் பிடி கட்டி, மேசை விளிம்புவரை இழுத்து விடப்பட்டிருந்தது. நின்றபடியே கையை நீட்டித் திருகலாம். கம்பிப் பிடியில் துணி சுற்றித் தைத்திருந்தது. தையலைப் பார்த்தாலே யார் என்று தெரியும்.

பெரியவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். “என்ன பாக்கறீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள்தான் ஃபிரிட்ஜில் அந்தக் கைகள். மதியத்தில் விளக்குச் சூட்டில் பொம்மைக் கையின் மெழுகுமண் இளகிவிடும், விரல் வளைத்தால் நிற்காது. சின்னவளின் வேளையில்தான் அந்தத் தொல்லை. காலையில் வேலை செய்கிறவளுக்குக் குளிர்ந்த கை எதற்கு?

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருந்தேன். அது எப்படியோ தெரிந்துவிட்டது.

“அத்தை, என்னைப் பத்தி எழுதறீங்களாமே,” என்று சின்னவள் துணி மடிக்கிற சாக்கில் வந்தாள். “நான் காலைல லேட்டா எந்திரிக்கறதை எழுதாதீங்க.”

“சரி, எழுதல.”

“போகப்போறேன்னு எழுதிட்டீங்களா?”

“போகப்போறியா?”

“அதை நீங்களே முடிவு பண்ணிடாதீங்கன்னுதான் கேக்க வந்தேன்.”

பெரியவள் வந்தது காய் நறுக்குகிற சாக்கில். “என் முட்டிவலியை எழுதுங்கத்தை. இந்த வீட்டுல யாருக்காவது தெரியட்டும்.”

“தெரிஞ்சவளுக்குத் தெரிஞ்சிருக்கே.”

கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. கையுறை யோசித்த மாதிரியே.

7

இருவரும் தங்கள் பங்கை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். முழுசாக யாரும் பார்க்கவில்லை, பிடிவாதம். ஒரு நாள் சாயங்காலம் பெரிய மகன் என்னைக் கூப்பிட்டான்.

“அம்மா, சத்தம் போடாம வா. முதல்லேருந்து ஓட்டறேன்.”

பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று நாலு விதமாக எழுதி நாலையும் கிழித்தேன். “அற்புதமாக இருந்தது” என்று எழுதினால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். குடைக்காரி கேட்டைத் தாண்டினாள். வேகமாக நாலடி வைத்தாள். நின்றாள். கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பாதம் தானாகத் திரும்பியது, அவளுக்கே தெரியாத மாதிரி. குனிந்து சேற்றைத் தட்டினாள். சேறு அவ்வளவு இல்லை. நிமிர்ந்தாள். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். முதல் படி ஏறினாள். மழை நின்றுவிட்டது என்று அப்போதுதான் உணர்ந்தவள்போலக் குடையை மடக்கப் போனாள், மடக்கவில்லை.

நான் சொல்லிச் சொல்லிப் பழகின கதையில் இவள் இல்லை. என் கதையில் அவள் வந்தாள், நின்றாள், அவ்வளவுதான். இவளுக்குப் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். இவளை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இவள் ஒரு தடவையாவது நின்றிருக்கிறாள்.

“ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தா இந்த நடை வந்திருக்காதும்மா,” என்றான் மகன்.

அப்போது என் மார்பு விம்மிப்போயிற்று. பல் செட் செய்த கையும் சட்டை தைத்த கையும், ஒன்றின்மேல் ஒன்று கோபமாக இருந்த நேரத்தில்கூட, ஒன்று விட்ட இடத்தை மற்றது கெடுக்காமல் எடுத்துப் போயிருக்கிறது. உலகத்தில் எத்தனை மாமியார்களுக்கு இப்படி இரண்டு பேர்? எண்ணிச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

கூடவே ஒரு கெட்ட எண்ணமும் வந்தது, எழுதுகிறவளுக்கு வருகிற எண்ணம்: இன்னும் கொஞ்ச நாள் பேசாமல்தான் இருக்கட்டுமே, காட்சி முடிகிறவரை. (இந்த வரியை அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. கைரேகை.)

8

குறித்த நாள் வந்தது.

முந்தின நாள் மதியம் சின்னவள் தன் வேளையை முடித்தபோது குடைக்காரி மேல்படிக்கு ஒரு படி கீழே, ஒரு காலையும் வலது கையையும் தூக்கி நின்றாள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கை, விரல்கள் மடங்கிய கை. கதவுக்கும் அதற்கும் ஒரு விரல் தூரம். இடது கையில் குடை, சாய்த்து வைக்கத் தோதாக. தட்டவும் செய்யலாம், வைத்துவிட்டுத் திரும்பவும் செய்யலாம்.

காலையில் பெரியவள் வந்து பார்த்தாள். ஒரு விரல் தூரம். கொஞ்சம் நகர்த்தினால் தட்டல். இத்தனை நாள் அவள் கேட்டது அதுதான். ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூக்கைச் செதுக்குகிற கொக்கியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். நகர்த்தவில்லை. காலை முழுக்க ஒரு ஃபிரேம்கூட எடுக்கவில்லை. நான் என் சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்தேன். கடைசியில் “டீ போட்டுட்டு வரேன்” என்று எழுந்தேன்.

வாசலில் சின்னவள் வந்துகொண்டிருந்தாள். போனைக் கூடையில் வைத்தாள். வைத்த பிறகும் அதன்மேலிருந்து கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். “பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுவாங்க அத்தை. அதுக்குள்ள வெளிய வந்துடுவேன்.” உள்ளே போனாள்.

டீயோடு திரும்பி வந்தேன். வாசலை ஒட்டிய ஜன்னலின் கறுப்புத் தாளில் ஒரு மூலை கிழிந்திருக்கும். அதில் கண்ணை வைத்தேன். கேட்கவும் கேட்டது.

“நகத்தலயா?” என்றாள் சின்னவள். இத்தனை நாளுக்கப்புறம் முதல் வார்த்தை. பொம்மையிடம் கேட்ட மாதிரிதான் கேட்டாள்.

“நீ தூக்கின கை. நீயே எறக்கு.”

“தட்டறதுன்னா நீங்கதான தட்டணும்.”

“தட்டறதுக்கும் சரி, திரும்பறதுக்கும் சரி, முதல்ல இந்தக் காலை எடுத்து மேல்படில வெக்கணும். ஒத்தக் கால்ல நிக்கறா பாரு. குடை வேற இழுக்குது. தனியா முடியாது.”

“கீழ நான் போறேன்.”

“நீதான் போகணும். எனக்கு முட்டி இருக்கே.”

“அதான் கம்பி கட்டி விட்டனே.”

“கடைசிப் படிக்குக் கட்டலயேடி!”

“கடைசிப் படிக்கு வருவோம்னு நெனைக்கல.”

பெரியவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

“போய்ப் படு,” என்றாள் பெரியவள். “துணி விரிச்சிருக்கேன், தரை சில்லுன்னு இருக்கும்.”

சிவப்பு பல்ப் எரிந்தது. பெரியவள் இரண்டு கையாலும் குடைக்காரியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் மேசைக்கடியில் மறைந்தாள். கீழேயிருந்து குரல் வந்தது.

“தளத்தறேன்க்கா. விட்டுடாதீங்க.”

“விடல. நீ நிதானமா செய்.”

அப்போது என் பக்கத்தில், கூடையில், போன் மணி அடித்தது.

9

இங்கே நிறுத்துகிறேன். வழக்கமாக நிறுத்துவது சோம்பலால். இந்தத் தடவை அப்படி இல்லை.

என் ஒரு கையில் டீத் தட்டு. இன்னொரு கை தானாகத் தூக்கிக்கொண்டது. விரல்கள் மடங்கியிருந்தன. ஷெட் கதவுக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு விரல் தூரம்.

தட்டினால் மேசை அதிரும். குடைக்காரியின் ஒரு கால் அந்தரத்தில் இருக்கிறது. பெரியவள் கை ஆடினால் இத்தனை நாள் நடந்த நடை அங்கேயே அறுந்துபோகும், சட்டப்படி அதை அழிக்கவும் முடியாது. தட்டாவிட்டால் மணி நின்றுவிடும், அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள், சின்னவளின் பதிலை நான் சொன்ன மாதிரி ஆகிவிடும். நீங்களே முடிவு பண்ணிடாதீங்க என்று அவள் கேட்டுக்கொண்டது என் காதில் இருக்கிறது. நானே போனை எடுத்துக் கொஞ்சம் பொறுங்கள் அம்மா என்று சொல்லலாமே என்கிறீர்களா? நானும் நினைத்தேன். போன் சின்னவளின் விரல் பட்டால்தான் திறக்குமோ, அந்த அம்மா பேசுவது எனக்குப் புரியுமோ, அதெல்லாம் அப்புறம். உண்மையில் என் கை எந்தப் பக்கம் போக ஆசைப்பட்டது என்று எனக்கே தெரியும். அதனால்தான் அது நகரவில்லை.

முடிவு ஒன்று: தட்டினேன்—

முடிவு இரண்டு: மணி அடித்து ஓய்ந்தது. உள்ளேயிருந்து சின்னவளின் குரல், “அது அடிக்கறது எனக்குக் கேக்குதுக்கா. நீங்க பிடிங்க”—

முடிவு மூன்று: பெரியவள் கத்தினாள், “அத்தை, அந்தப் போனை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க, பொம்மை விழுந்தா விழட்டும்”—

மூன்றில் ஒன்று நடந்தது. மற்ற இரண்டும் நடந்திருக்கக்கூடியவை. இந்த வீட்டுப் பெண்களை அறிந்தவள் என்ற முறையில் உத்தரவாதம் தருகிறேன். எது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். படம் எங்காவது ஓடும்போது போய்ப் பாருங்கள், கடைசி நடையில் உற்றுப் பாருங்கள். அங்கேயும் தெரியாது. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் நடந்தது திரையில் தெரியாது என்று நான்தான் முன்னாடியே சொன்னேனே.

ஒன்று மட்டும் தெரியும். அந்த ஒரு விரல் தூரத்தில் குடைக்காரி நிற்கும் அழகை என் இரண்டு மருமகள்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது. அதை நான் தெருவில் நின்று சொல்வேன்.

இனி பொம்மை உங்களுடையது, கண்ணுகளா. மெதுவாகப் பிடியுங்கள், இடுப்பில். விளக்கில் முழங்கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை சூடாக இருந்தால் முதலில் கொஞ்சம் ஆற விடுங்கள். ஒரே ஒரு அசைவு, அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டுக் கதவின் கீலில் எண்ணெய் வற்றாதிருக்கட்டும். போகிறவர்களுக்கு அது தடையில்லாமல் திறக்கட்டும், வருகிறவர்கள் தட்டும்போது உள்ளே காது கேட்கிற ஒருவர் இருக்கட்டும். உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டவர்கள்கூட ஒருவர் முட்டிவலியை ஒருவர் மறக்காதிருக்கட்டும். எடுத்துப்போன குடைகள் எல்லாம் ஒருநாள் வீடு வந்து சேரட்டும்.